ஊர் வெறிச்சோடும்போது ஊரார் செய்யக்கூடியவை: வடாற்காட்டுக் கிராமங்களுக்கான முழுமையான வழிகாட்டி

குடியாத்தத்துக்கும் பேர்ணாம்பட்டுக்கும் இடையில் உள்ள ஏதாவது ஓர் ஊர் நிறுத்தத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தால், ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளின் வண்டிகள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போவதைக் காணலாம். ஆண்களில் பலர் அதற்கு முன்பே பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்டவர்கள். அவர்களில் சிலர் வாரக் கடைசியில் ரயிலேறித் திரும்புகிறார்கள். மற்றவர்களைத் திருவிழாவுக்குத்தான் பார்க்க முடியும். பகலில் ஊரில் மிஞ்சுவது முதியவர்களும் சிறுவர்களும், வேலிகாத்தான் மண்டிய கொல்லைகளும்தான்.

இப்படித் தேயும் ஊரில் முதலில் நின்றுபோவது பொது வேலை என்பது என் அனுபவம். ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாயைச் சேர்ந்து வெட்டும் வழக்கம் நின்றது, கிணறுகள் வற்றின, நிலம் கரம்பாயிற்று, ஆட்கள் வெளியேறினார்கள். வெளியேறிய பிறகு, சேர்ந்து வெட்ட ஆளில்லாமல் போயிற்று. எனவே கிராமப் புத்தாக்கம் என்ற பெயரில் எதைத் தொடங்கினாலும், ஊரார் தாங்களே நடத்தி, தாங்களே கணக்குப் பார்த்து, பழுதானால் தாங்களே சரிசெய்துகொள்ளக்கூடிய ஏற்பாடாக அது இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஓர் எண்ணத்திலிருந்து வந்தவையே.

தொடங்கும் முன் ஒரு சிறு செய்தி. பழைய வடாற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்து திருவண்ணாமலைப் பகுதி தனி மாவட்டமானது. 2019-இல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. உங்கள் ஊரின் பழைய வரைபடமோ கோப்போ இப்போதைய அலுவலகத்தில் இல்லையென்றால், பழைய தலைமையிடத்தில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

முதல் படி: ஊரை நடந்து எழுதுங்கள்

ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு முதியவர்கள், இரண்டு பெண்கள், பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை ஆகியோர் சேர்ந்து தெருத்தெருவாக நடந்து எழுத வேண்டும். பூட்டிய வீடுகள் எத்தனை, அவற்றில் இருந்தவர்கள் எந்த ஊரில் என்ன வேலை செய்கிறார்கள், எப்போது வருகிறார்கள் என்பவை முதல் பகுதி. அடுத்த பகுதி நிலம்: எந்தக் கொல்லை எத்தனை ஆண்டாகக் கரம்பாகக் கிடக்கிறது, காரணம் என்ன. இந்தக் காரணத்தை மட்டும் அவசரமாக எழுதாதீர்கள். "தண்ணி இல்ல" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். உட்கார்ந்து பேசினால் சிலருக்கு ஆள் கிடைக்காதது காரணமாக இருக்கும். சிலருக்குக் காட்டுப்பன்றியும் யானையும். சிலருக்கு, குத்தகைக்கு விட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. தண்ணீர் இல்லாத கொல்லைக்கும், தண்ணீர் இருந்தும் உரிமையாளர் பெங்களூரில் இருக்கும் கொல்லைக்கும் ஒரே திட்டம் தீட்டுவது வீண்.

மூன்றாவது பகுதி கிணறுகள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று பத்துக் கிணறுகளில் அளந்து, ஒவ்வொரு பௌர்ணமியன்றும் அதே கிணறுகளில் மறுபடி அளந்து எழுதுங்கள். பௌர்ணமியை நான் சொல்வதற்குக் காரணம் எளிது: அந்த நாளை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. பின்னால் உங்கள் வேலை பலன் தந்ததா இல்லையா என்று சொல்லப்போவது இந்தப் பக்கங்கள்தான்.

நான்காவது பகுதி, வெளியே போன அறிவு. கணியம்பாடி ஒன்றியத்துக் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு இராணுவத்தில் பணியாற்றியவர்கள் உண்டு. மற்ற ஊர்களில் வெல்டர், எலெக்ட்ரீஷியன், தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர், செவிலியர் என்று இருப்பார்கள். அவர்கள் பெயருக்கு எதிரே "என்ன தெரியும்" என்று ஒரு பத்தி வையுங்கள். வெளியாட்களைத் தேடும் முன் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டும்.

இரண்டாம் படி: யார் உட்காருகிறார்கள்

நம் பக்கத்து ஊர்களுக்குக் கூட்டாகப் பணம் திரட்டுவது தெரியாத வேலையில்லை. திரௌபதியம்மன் கோவிலில் பாரதம் வைத்துக் கூத்தாடி அக்னி வசந்த விழாவை முடிக்கும் ஊர், பல நாட்களுக்கான செலவைத் தலைக்கட்டு வரி போட்டுத் திரட்டி, வரவுசெலவை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டுகிறது. மாடு விடும் திருவிழாவுக்கும் அப்படியே. ஆகவே, நிர்வாகம் செய்யத் தெரியாது என்று யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஏற்பாட்டை அப்படியே ஏரி வேலைக்குக் கொண்டுவந்தால் அது உடையும். தலைக்கட்டு என்பது பெரும்பாலும் ஆணை வைத்து எண்ணும் கணக்கு. கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண் அதில் இல்லை. ஊர்க்கூட்டம் என்பது பல இடங்களில் "ஊர்" மட்டும் கூடும் கூட்டம். காலனி அதில் இல்லை. ஏரித் தண்ணீரும் மந்தைவெளியும் இருவருக்கும் பொது. வெட்டும் கைகளில் பெரும்பகுதி காலனிப் பெண்களின் கைகள். அவர்கள் இல்லாமல் எடுத்த முடிவுக்கு அவர்கள் ஏன் உழைக்க வேண்டும்? எனவே குழுவில் சரிபாதி பெண்கள், காலனியிலிருந்து எண்ணிக்கைக்கு ஏற்ற இடம், கூட்டம் ஒருமுறை கோவில் மண்டபத்தில் என்றால் மறுமுறை காலனிப் பள்ளிக்கூடத்தில் என்று முதல் நாளிலேயே எழுதிவிடுங்கள். இதற்குச் சம்மதிக்காத ஊரில் மற்ற படிகளைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. கடுமையாகத் தோன்றலாம், இதைத் தள்ளிப்போட்டுத் தொடங்கிய வேலைகள் பாதியில் நின்றதைப் பார்த்த பிறகே இப்படி எழுதுகிறேன்.

வெளியூரில் இருப்பவர்களை இரண்டு நாட்களில் பிடிக்கலாம்: காணும் பொங்கலன்றும், ஊர்த் திருவிழாவுக்கு மறுநாளும். குடியாத்தம் பக்கத்து ஊர்களுக்கு வைகாசி முதல் நாள் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒட்டிய நாட்கள் பொருந்தும். திருவிழா அன்றே கூட்டம் வைக்காதீர்கள். அன்றைக்கு எல்லோரும் எல்லாவற்றுக்கும் "சரி" என்பார்கள்.

மூன்றாம் படி: முதல் வேலையைத் தேர்ந்தெடுத்தல்

முதல் வேலை ஒரு பருவத்துக்குள் முடிய வேண்டும். பலன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எவருடைய பட்டா நிலத்தையும் பறிக்காததாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வந்து நிற்பது ஏரி வரத்துக் கால்தான்.

ஏரியைத் தூர் வாரச் சொல்லிப் பலரும் தொடங்குகிறார்கள். ஏரி ஆழமாகி என்ன பயன், தண்ணீர் வந்து சேரும் வழி அடைபட்டிருந்தால்? ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஏறத்தாழ 40,000 லிட்டர். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவத்திலும் மழை பெறும் மாவட்டம் நம்முடையது. மலையடிவாரத்திலிருந்து இறங்கும் நீரில் எவ்வளவு ஏரிக்குள் நுழைகிறது என்பதே கேள்வி. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டபோது கரையோர ஊர்களில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததையும், அதே நாட்களில் உள்ளே தள்ளியிருந்த சில ஏரிகள் நிரம்பாமல் கிடந்ததையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வரத்துக் காலை மலையடிவாரத்திலிருந்து ஏரி வாய் வரை நடந்து பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம், எங்கள் பேச்சில் மணியக்காரரிடம், கிராம வரைபடத்தையும், புல எண்வாரியாக நிலத்தைப் பதிந்த அ-பதிவேட்டின் விவரத்தையும் கேட்டு, கால்வாய் எந்தப் புல எண்களில் எத்தனை அகலம் என்று குறித்துக்கொண்டு நடக்க வேண்டும். எங்கெல்லாம் வரைபடத்தில் இருப்பது தரையில் இல்லையோ, அந்த இடங்களைச் சண்டைக்கு எடுத்துச் செல்லாமல் நோட்டில் எழுதுங்கள். ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் முதல் ஆண்டிலேயே அதை எடுத்தால் ஊர் இரண்டாகும், வேலை நின்றுபோகும். தகராறு இல்லாத நீளத்தை முதலில் முடியுங்கள். தண்ணீர் அதுவரை வந்து நின்றால், மீதி நீளத்துக்கு ஊரே வாய் திறக்கும்.

இங்கே நாங்கள் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். ஓர் ஊரில் பணம் கிடைத்த மகிழ்ச்சியில் ஆடி மாதம் ஜேசிபியைக் கொண்டுவந்து, இரண்டே நாளில் கால்வாயை ஆழமாக வெட்டினோம். ஓரிடத்தில் தரையோடு தரையாக ஒரு கருங்கல் பலகை பதிந்திருந்தது. ஒரு காலத்தில் அந்த ஏரிக்கு நீர் பாய்ச்சும் பொறுப்பிலிருந்த முதியவர் கரையில் நின்று, "நைனா, அத நோண்டாத. அது மட்டக் கல்லு, எங்க தாத்தா காலத்துலருந்து கீது" என்றார். ஓட்டுநர் காதில் அது விழவில்லை. விழுந்த எங்களுக்குப் புரியவில்லை. ஐப்பசியில் மழை வந்தது, கால் நிறைய நீர் வந்தது, ஏரி வாய்க்கு முன்னால் ஒரு முழம் பள்ளத்தில் நின்றுகொண்டது. அந்தக் கல் காட்டிய மட்டத்தை மீறி, கால்வாயின் தளத்தை ஏரி வாயைவிடத் தாழ்வாக வெட்டியிருந்தோம். அந்தப் பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பி மட்டத்துக்குக் கொண்டுவர அடுத்த கோடை முழுவதும் ஆயிற்று.

அதன் பிறகு கற்றுக்கொண்ட முறை இது. வீடு கட்டும் மேஸ்திரியிடம் உள்ள டியூப் மட்டமே போதும். ஒளி ஊடுருவும் நீளக் குழாயில் நீர் நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஏரி வாயில் ஒரு முளைக்குச்சி, ஐம்பதடி தள்ளி மற்றொன்று என்று அடித்து, குழாயின் இரு முனைகளிலும் நீர் நிற்கும் உயரத்தைக் குச்சிகளில் குறித்து வர வேண்டும். அந்தக் குறியிலிருந்து தரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுதினால், கால்வாயின் சரிவு முழுவதும் எழுத்தில் வந்துவிடும். மேலே போகப்போகத் தளம் உயர்ந்துகொண்டே போக வேண்டும். தாழும் இடத்தில் வெட்டக் கூடாது. ஒரு நாள் வேலை. அந்த முதியவரை அன்றைக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தோம்.

நான்காம் படி: நீரைத் தரைக்குள் இறக்குதல்

வேலூர்ப் பகுதியின் அடியில் பெரும்பாலும் கடினப் பாறை. மேலே ஓடும் நீர் தானாக ஆழத்துக்கு இறங்குவது குறைவு. பாறையின் விரிசல்களில்தான் அது தங்கும். ஆகவே ஓடைகளில் நீரின் வேகத்தைக் குறைத்து நிறுத்துவதும், நிறுத்திய இடத்தில் இறங்க வழி செய்வதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

இதற்கு நம் கண்முன் உள்ள எடுத்துக்காட்டு நாகநதி. பல ஆண்டுகள் வறண்டு கிடந்த அந்த ஆற்றின் படுகையிலும் அதற்கு வரும் ஓடைகளிலும் வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, ஊரக வேலைத் திட்டத்தின் கூலியில், மீள்நிரப்புக் கிணறுகளையும் கல் தடுப்புகளையும் அமைத்தார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலி உரையிலும் அந்த வேலை இடம்பெற்றது. அதில் புதிய கருவி எதுவும் இல்லை. கான்கிரீட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய கிணறு, வண்டல் உள்ளே போகாமல் சுற்றிலும் கூழாங்கல், மேலே நீரின் வேகத்தைத் தணிக்கும் கல் அடுக்கு, அவ்வளவே. எங்கே தோண்டுவது என்ற அறிவும், நூற்றுக்கணக்கான இடங்களில் விடாமல் தோண்டிய கைகளுமே அங்கே புதுமை.

உங்கள் ஓடையில் இடம் பார்க்கும்போது, கோடையிலும் பச்சை மாறாத மரங்கள் வரிசையாக நிற்கும் இடம், பழைய கிணறுகளில் கடைசியாக வற்றும் கிணற்றுக்கு மேற்பக்கம் ஆகியவற்றை முதலில் கவனியுங்கள். மாவட்டத்து நிலத்தடி நீர்ப் பிரிவின் ஆய்வாளர் ஒருமுறை வந்து பார்ப்பதும் அவசியம். ஒன்றை மட்டும் விலக்குங்கள்: தோல் கழிவு கலந்த நீரோட்டம் உள்ள இடத்தில் மீள்நிரப்புக் கிணறு தோண்டாதீர்கள். பாலாற்றுப் படுகையைத் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்றது; அதன் பிறகும் கெட்ட நிலத்தடி நீர் கெட்டதாகவே இருக்கிறது. நல்ல நோக்கத்தோடு அதை ஆழத்துக்கு அனுப்புவது நம் கையாலேயே கிணறுகளைக் கெடுப்பதாகும்.

ஐந்தாம் படி: தாளும் பணமும்

கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள்; கோடையில் வெட்டப்போகும் வேலைக்கான தீர்மானத்தை அன்றைக்கே கொண்டுவாருங்கள். தீர்மானத்தைப் பொதுவாக "ஏரியைச் சீரமைக்க வேண்டும்" என்று எழுதினால் அது பதிவேட்டிலேயே தூங்கும். புல எண், நீளம், அகலம், யார் செய்வது, எந்த மாதம் என்று எழுதி, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு, நகலும் வாங்குங்கள்.

ஏரி யாருடையது என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். தவறான அலுவலகத்தில் மனு கொடுத்து ஒரு கோடையை இழந்தவர்கள் எத்தனையோ பேர். வண்டல் மண்ணை விவசாயிகள் தங்கள் நிலத்துக்கு எடுத்துச் செல்ல வட்டாட்சியர் அனுமதி போதும் என்று 2024-இல் விதி எளிதாக்கப்பட்டது. அனுமதித் தாள் இல்லாமல் ஒரு டிராக்டர் நடைகூடப் போகக் கூடாது.

பணத்துக்கு மூன்று ஊற்றுகள். கூலிப் பகுதிக்கு, ஊர் இன்னும் நூறு நாள் வேலை என்றே சொல்லும் ஊரக வேலைத் திட்டம். கல், உறை, சிமெண்டுக்கு நமக்கு நாமே திட்டம்; மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊரார் கட்டினால் மீதியை அரசு தரும் ஏற்பாடு அது. அந்த மூன்றில் ஒரு பங்குக்கு ஊர் வரி. வரியைத் தலைக்கட்டுக்கு என்று போடாமல் அடுப்புக்கு என்று போடுங்கள். பணம் இல்லாத வீடு இரண்டு நாள் உழைப்பைக் கொடுக்கட்டும், அதையும் ரூபாயாக எழுதுங்கள். கணக்கை மாதம் ஒருமுறை ரேஷன் கடைச் சுவரில் கரிப்பலகையில் எழுத வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாது. தொலைபேசி இல்லாத பாட்டியும் வரி கட்டியிருக்கிறாள்.

ஆறாம் படி: கரம்பு நிலத்தைத் திறத்தல்

வெளியூரில் இருப்பவர் நிலத்தைச் சும்மா போட்டு வைப்பது சோம்பலால் இல்லை. குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் உள்ளது. உழுபவரைக் காக்க வந்த நல்ல சட்டம். ஆனால் பெங்களூரிலிருந்து பார்ப்பவருக்கு அது அச்சமாகத் தெரிகிறது. இதைக் குழு இடையில் நின்று தீர்க்கலாம். என்ன பயிர், எத்தனை பருவம், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு, மரமும் மோட்டாரும் யாருடையவை என்று எழுதி, இரு தரப்பும் குழுவின் முன் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்த வாசகத்தை உள்ளூர் வழக்கறிஞரிடம் காட்டாமல் நீங்களே எழுதாதீர்கள். முதல் ஆண்டு ஐந்து ஏக்கர் திறந்தால் போதும். மகளிர் குழுவினர் நால்வர் சேர்ந்து செய்யும் கொல்லையாக அது இருந்தால் ஆள் தட்டுப்பாடும் பாதி தீரும்.

ஏழாம் படி: விலை

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் புல்லியிலும் முள் நிறைந்த, சதைப்பற்றுள்ள அந்தக் காயை அணைக்கட்டு வட்டாரத்தவர்கள் குழம்பில் போடும் முறையே தனி. இந்தக் குறியீடு கிடைத்ததும் விலை தானாக ஏறிவிடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அந்தப் பெயரை வணிகத்தில் பயன்படுத்த விளைவிப்பவர் தம்மை அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். விதையைக் கலக்காமல் காக்க வேண்டும். காயைத் தரம் பிரித்து, மற்ற கத்தரிக்காயோடு ஒரே மூட்டையில் போடாமல் அனுப்ப வேண்டும். இது மூன்றையும் தனி விவசாயி செய்வது கடினம், பதினைந்து பேர் சேர்ந்தால் எளிது.

சேர்வதற்கு உற்பத்தியாளர் நிறுவனம் ஒரு வடிவம். பதிவு செய்ய உற்பத்தியாளர்கள் 10 பேர் போதும். ஆனால் பதிவை முதலில் வைத்துக்கொள்ளாதீர்கள். தணிக்கை, ஆண்டறிக்கை என்று அதற்குச் செலவு உண்டு. ஒரு பருவம் சேர்ந்து விற்றுப் பாருங்கள்: ஒரே வண்டி வாடகைக்கு எடுத்து, பாதியை வேலூர் நேதாஜி மார்க்கெட் மண்டிக்கும் பாதியை உழவர் சந்தைக்கும் கொண்டுபோய், இரண்டிலும் கிலோவுக்குக் கையில் நின்றது எவ்வளவு என்று எழுதுங்கள். அந்தக் கணக்கு லாபம் காட்டினால் பதிவு செய்யலாம்.

இயந்திரங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜவ்வாது மலையடிவாரத்தில் ஓர் ஊருக்குச் சாமை அரிசி தீட்டும் இயந்திரம் மானியத்தில் வந்தது. வந்த அறையில் மும்முனை மின்சாரம் இல்லை. இணைப்புக்கு மனு கொடுத்து, அது வருவதற்குள், இயந்திரத்தை இயக்கப் பயிற்சி பெற்ற பெண் திருமணமாகி வேறு ஊர் போய்விட்டாள். நான் கடைசியாகப் பார்த்தபோது இயந்திரத்தின்மேல் பந்தல் துணிகளை மடித்து வைத்திருந்தார்கள். மின் இணைப்பு, ஓட்டத் தெரிந்த மூவர், உதிரிப் பாகம் கிடைக்கும் கடை, முதல் ஆறு மாதத்துக்கான தானியம் ஆகிய நான்கும் எழுத்தில் இருந்தால் மட்டும் இயந்திரத்துக்குக் கையெழுத்திடுங்கள். அதுவரை பக்கத்து ஊர் மில்லில் கூலிக்கு அரைப்பதில் இழிவு ஒன்றுமில்லை.

எட்டாம் படி: இருப்பவர்கள் இருக்க

வருமானம் மட்டும் ஊரில் ஆளைப் பிடித்து வைப்பதில்லை. கே.வி.குப்பத்தில் 1977-இல் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தொடங்கிய ரூசா என்ற ஊரக நலப் பிரிவு, மருத்துவத்தோடு தொழிற்பயிற்சியையும் சமூகப் பணியையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது இந்தப் புரிதலால்தான். உங்கள் குழுவும் சிறியதாக ஒன்றை எடுக்கலாம்: தனியே இருக்கும் முதியவர்களின் பட்டியலும், யார் வீட்டை யார் தினம் எட்டிப் பார்ப்பது என்ற முறையும். காலை வண்டியில் போகும் பெண்களின் பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்க விளக்குள்ள ஓர் அறை கிடைத்தால், அந்தப் பெண்கள் உங்கள் கூட்டத்துக்கு வருவார்கள். பேருந்து, சாலை போன்றவை கிராம சபைத் தீர்மானத்தாலும் தொடர்ந்து கேட்பதாலும் வருபவை. அவற்றுக்காக மற்ற வேலைகளை நிறுத்தி வைக்க வேண்டாம்.

ஒன்பதாம் படி: ஓராண்டுக்குப் பிறகு

பதின்மூன்றாவது பௌர்ணமியன்று கிணறுகளை அளந்துவிட்டு நோட்டைத் திறங்கள். சென்ற ஆண்டு அதே மாதத்து மட்டத்தை இந்த ஆண்டு மட்டத்தோடு ஒப்பிடும்போது, இரண்டு ஆண்டின் மழையையும் பக்கத்தில் எழுத வேண்டும். மழை அதிகம் பெய்த ஆண்டில் ஏறிய நீரை நம் வேலையின் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. திறந்த கரம்பு எத்தனை ஏக்கர், வரி கட்டாத அடுப்புகள் எத்தனை, ஏன், கூட்டத்துக்கு வந்த பெண்கள் எத்தனை என்பவற்றையும் பாருங்கள். வரி கட்டாதவர்களின் வீட்டுக்கு இருவர் போய்க் காரணம் கேட்டு வர வேண்டும்; பெரும்பாலும் அங்கேதான் நம் தவறு தெரியவரும்.

அன்றைக்கே நோட்டை வேறொருவர் கைக்கு மாற்றுங்கள். தொடங்கியவரே பத்து ஆண்டு நடத்தும் வேலை, அவர் மகளைப் பார்க்கச் சென்னைக்குப் போகும் வாரத்தில் நின்றுவிடும். முதலாண்டில் உடன் நடந்த பத்தாம் வகுப்புப் பிள்ளை இப்போது பதினொன்றில் இருக்கும். டியூப் மட்டம் பிடிக்கவும் கயிற்றில் அடி எண்ணவும் அதற்குத் தெரியும். அடுத்த ஆடிக்கு முன் வெட்ட வேண்டிய நீளத்தைப் புதிய பக்கத்தில் அந்தப் பிள்ளையே எழுதட்டும்.